மிட்டாய்க் குடியிருப்பில் யாருக்கும் பல்வலி இல்லை

மிட்டாய்க் குடியிருப்பில் யாருக்கும் பல்வலி வராது. காதுவலி வரும். தாடைப் பிடிப்பு வரும். ஒற்றைத் தலைவலி வீட்டுக்கு ஒன்று உண்டு. கன்னம் பந்து போல வீங்கி, ஒரு கண் மூடிப்போய், கஞ்சி கூட இறங்காமல் ஒருவர் சுருண்டு கிடந்தாலும் அதற்கு அங்கே பெயர் 'நீர்க்கோவை'. தன் வலிக்குப் பல் என்ற சொல்லை மட்டும் யாரும் எடுக்கமாட்டார்கள். எடுத்தால் மிட்டாய்க்கு அவமானம்.

தெரு போய் முட்டும் இடத்தில் மிட்டாய் ஆலை. அதன் புகைபோக்கி விடிந்ததும் புகைய ஆரம்பித்தால், பாகு கொதிக்கும் வாசனை ஜன்னல் வழியாக வந்து திரைச்சீலையில் ஒட்டும், தலையணையில் ஒட்டும், கைக்குழந்தையின் தலைமயிரில் ஒட்டும். கதவுப் பிடியைத் தொட்டால் கை பிசுபிசுக்கும். மூன்று தலைமுறையாக அங்கே வேலை பார்ப்பவர்கள்தான் அந்தத் தெருவில் குடியிருந்தார்கள். அவர்களுக்குள்ளேயே பெண் கொடுத்து, பெண் எடுத்து, அவர்களுக்குள்ளேயே சண்டை போட்டு, அவர்களுக்குள்ளேயே சமாதானமும் ஆகிக்கொள்வார்கள். ஆலையில் உடைந்துபோன மிட்டாயை யார் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம், வீட்டுக்கும் அள்ளிக்கொண்டு போகலாம். பால் பல் முளைக்கும் முன்பே பிள்ளையின் வாயில் உடைசல் மிட்டாய் வந்துவிடும். அதனால் அந்தத் தெருவில் ஒழுங்கான பல்வரிசை ஒன்றைத் தேடுவது வைக்கோல்போரில் ஊசி தேடுவது மாதிரி. ஆனால் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "மத்த மிட்டாய்தாங்க பல்லைக் கெடுக்கும். எங்களுது சுத்தமான பாகு."

இந்தத் தெருவுக்குத்தான் அவள் பல் டாக்டராக வந்தாள்.

அதற்கு முன்பு அக்கா வீட்டுக்காரரின் பல் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவரும் பல் டாக்டர்தான். நோயாளி வாயைத் திறந்து படுத்திருக்கும்போதே அவள் கையிலிருந்து கருவியைப் பிடுங்கி, "இப்படிப் பிடிச்சா இந்த ஜென்மத்துக்கு முடியாது" என்பார். படுத்திருப்பவர் திறந்த வாயோடு அவளைப் பரிதாபமாகப் பார்ப்பார். அந்தப் பார்வையை அதற்கு மேல் தாங்க முடியாமல், கைவளையலைக் கொடுத்து, யாரோ கழித்துப்போட்ட பல் நாற்காலி ஒன்றை வாங்கினாள். இரும்பும் தோலுமாக யானைக்குட்டி கனம் கனத்தது அது. வேறு சொத்து அவளுக்கு இல்லை. இந்த நாற்காலியைப் போட்டு உட்கார ஓர் அறை நிலைத்துவிட்டால் போதும், இல்லாவிட்டால் மறுபடியும் அக்கா வீட்டு வாசல்தான். இதுதான் அவள் நிலைமை.

இடம் தேடி அலைந்தபோது ஒருநாள், ஆலைச் சங்கு ஊதி வேலை முடிந்து ஜனங்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்தாள். சிரித்தவர்களின் வாய்களையும் பார்த்தாள். 'இவர்களுக்கு நான் தேவை' என்று நினைத்தாள். அதுதான் அவள் செய்த முதல் தப்பு. தேவைப்படுகிற ஆளை வரவேற்பார்கள் என்று நம்பினாள்.

வாசலை ஒட்டிய அறையை வாடகைக்குக் கொடுத்த வீட்டுக்காரம்மாவிடம் 'டாக்டர்' என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். நாற்காலியைத் தரையோடு முடுக்கி, பலகையை மாட்டிய அன்று அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பல்லா? ஐயையோ, பல்லுன்னு நீ சொல்லவே இல்லையேம்மா! காய்ச்சல், இருமல் பாப்பேன்னுல்ல நினைச்சேன்? என் குடியைக் கெடுத்தியே! இந்தத் தெருவுல நான் எப்படித் தலை காட்டுவேன்?"

மறுநாள் காலையில் பலகை கறுப்பாக இருந்தது. யாரோ பாகைக் காய்ச்சிப் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். எழுத்து தெரியாமல் எறும்பு மொய்த்துக் கிடந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். அதற்கு அடுத்த நாளும் பாகு, அடுத்த நாளும் எறும்பு. அவள் பலகையைத் தேடிக் கூட்டமாக வந்த முதல் ஜீவன்கள் அவைதான். படித்தவர்கள் போல வரிசையாகவும் வந்தன.

மனிதர்கள் வரவில்லை. மருந்துக்கடைக்காரரிடம் பஞ்சு கேட்டால், பஞ்சுக் கட்டுகளுக்கு முன்னால் நின்றுகொண்டே "பஞ்சா? ஸ்டாக் இல்லையே" என்பார். தெருக்குழாயில் அவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுவிடும், திரும்பி நடந்தால் முதுகுக்குப் பின்னால் தொடரும். பொடிசுகள் அவளுக்குப் 'பல்லுப்பிடுங்கி' என்று பேர் வைத்தன. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் வாயைத் திறக்க வைப்பது அதைவிடக் கஷ்டம் என்று அவள் அங்கேதான் தெரிந்துகொண்டாள்.

எல்லாருக்கும் மேலே மேஸ்திரி இருந்தார். பாகு காய்ச்சும் கொப்பரைகளுக்குப் பொறுப்பாளர், குடியிருப்புச் சங்கத்துக்கும் அவரே தலைவர். கொப்பரை மாதிரியே உருவம், கொதிக்கிற மாதிரியே பேச்சு. தினமும் வேலைக்குப் போகும் வழியில் அவள் வாசலுக்கு நேராக நிற்பார். சட்டைப்பையிலிருந்து கல் மிட்டாய் ஒன்றை எடுத்து, எல்லோரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, கடைவாயில் வைத்துக் 'கடக்' என்று கடிப்பார். தெருவே கேட்கும்.

"எங்க தாத்தா கடிச்சாரு, எங்கப்பா கடிச்சாரு, நான் கடிக்கிறேன்! கடையை மூடிட்டுப் போ தாயி!"

ஜன்னல்களிலிருந்து சிரிப்பு வரும். அவள் உள்ளே நின்று கருவிகளைத் துடைப்பாள். அந்தக் 'கடக்'கில் பல்லின் சத்தம் எவ்வளவு, மிட்டாயின் சத்தம் எவ்வளவு என்று அவள் காதுக்குப் பிரித்துக் கேட்கத் தெரியும். நாளாக ஆகப் பல்லின் பங்கு கூடிக்கொண்டே வந்தது.

முதலில் வந்தது காகிதக்காரி. மிட்டாய்க்குக் காகிதம் சுற்றுகிறவள். தெருக்குழாயில் அவளைப் பார்த்து முதலில் முகத்தைத் திருப்பியவளும் இவள்தான். விளக்கு வைக்கும் நேரத்தில், கொல்லைச் சுவர் ஓரமாக, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்கதவைச் சுரண்டினாள்.

"காதுதான் டாக்டரம்மா. பல்லெல்லாம் ஒண்ணுமில்லை. ஆனா காதுக்குப் போற நரம்பு பல்லுலேர்ந்துதான் கிளம்புதாமே? அதான், சும்மா ஒரு பார்வை பாத்துட்டீங்கன்னா..."

முன்பல் பாதி உடைந்து, கறுத்து, உள்ளே குழியாக இருந்தது. அவள் சுத்தம் செய்து, வெள்ளையாக அடைத்து, பல்லை முழுசாக்கிக் கொடுத்தாள். கண்ணாடியில் பார்த்த காகிதக்காரியின் கண் கலங்கியது.

"காது சரியாயிடுச்சு" என்றாள். பிறகு, கதவைத் திறக்கும் முன், "நான் வந்ததை யார்கிட்டயும் சொல்லிராதீங்க, என்ன? உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் வந்தார், பஞ்சும் கொண்டுவந்தார். வீட்டுக்காரம்மா முற்றத்தைக் கடந்து வந்தாள். மேல்வரிசையில் மிச்சமிருந்த இரண்டு பல்லையும் எடுத்துவிட்டு முழுசாகப் பல்செட்டு கட்டித் தரச்சொன்னாள். வாட்சுமேன் வந்தார், மேஸ்திரியின் மச்சினன் வந்தான். வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே வசனம்தான். "நான் ஒருத்தன்தான் வர்றேன். மத்தவங்க வரமாட்டாங்க. எங்க ஆளுங்க ரொம்பக் கட்டுப்பாடு." ஒருவரோடு ஒருவர் கொல்லையில் மோதிக்கொள்ளாதபடி அவள்தான் நேரம் பிரித்துக் கொடுத்தாள். வலி தீர்ந்த வாய் என்றைக்காவது ஒருநாள் தனக்காக ஒரு வார்த்தை பேசும் என்று நினைத்தாள். இது இரண்டாவது தப்பு.

கடைசியில் மேஸ்திரியும் வந்தார். காலையில் வழக்கம்போல அவள் வாசலில் 'கடக்' என்று கடித்தபோது உடைந்தது மிட்டாய் இல்லை. அப்படியே சிரித்த முகத்தோடு, வாயை மூடிக்கொண்டு, ஆலை வரைக்கும் நடந்து போயிருக்கிறார். சாயங்காலம் பின்கதவில் நின்றபோது அந்தப் பெரிய உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா," என்றார். வாசலில் 'நீ', கொல்லையில் 'டாக்டரம்மா'. "மிட்டாயில கல்லு கிடந்துச்சு. யாரோ வேணும்னே போட்டிருக்கான்."

பல் வேர்வரைக்கும் பிளந்து, நரம்பு சீழ் பிடித்திருந்தது. அவள் திறந்து, கழுவி, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்தாள். "இது பாதிதான். இன்னும் ரெண்டு தடவை வரணும். அடைப்பு விழுந்துட்டா உயிர் போயிடும், ஜாக்கிரதை" என்றாள். அவர் தலையை ஆட்டினார். மறுநாள் காலையில் அவள் வாசலில் நின்று மிட்டாயை மறுபக்கத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தார்.

சின்ன விஷயத்தில்தான் எல்லாம் வெடித்தது. காகிதக்காரி ஒருநாள் தன் சின்ன மகளையும் கூட்டிவந்திருந்தாள். "மிட்டாய் தின்னா உடனே வாய் கொப்பளிக்கணும், என்ன?" என்று டாக்டர் அந்தக் குழந்தையிடம் சொல்லிவைத்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை அந்தத் தெருவில் அது ஒன்றுதான் போலிருக்கிறது. மறுநாள் பட்டப்பகலில், தெருக்குழாயடியில், எல்லாப் பெண்களும் குடத்தோடு நிற்கையில், வாயிலிருந்த மிட்டாயை விழுங்கிவிட்டு, தண்ணீரை அள்ளிக் கொப்பளித்து, எல்லோர் காலிலும் தெறிக்கத் துப்பியது.

"அடியே, எதுக்குடி கொப்பளிக்கிறே?"

"மிட்டாய் தின்னேன்ல!"

அவ்வளவுதான். நம்ம மிட்டாயைத் தின்றுவிட்டு நம்ம பிள்ளை வாய் கழுவுவதா? சாயங்காலத்துக்குள் கூட்டத்துக்கு ஆலைச் சங்கு ஊதிவிட்டது.

கூட்டம் பொட்டலம் கட்டும் கூடத்தில் நடந்தது. நீளமான மேசைகளை ஓரமாகத் தள்ளி, மிட்டாய்ப் பெட்டிகளின் மேல் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவளை எல்லோருக்கும் எதிரே, சர்க்கரை மூட்டை ஒன்றின் மேல் உட்காரவைத்தார்கள். தலைக்கு மேலே வரிசையாக விளக்குகள், பெட்டிகளை நோக்கித் தாழ்வாகத் தொங்கின. அவள் அறையில் கூட அவ்வளவு வெளிச்சம் இல்லை.

"யார் வீட்டுச் சோத்துல யார் மண்ணள்ளிப் போடுறது?" என்று மேஸ்திரி தொடங்கினார். பேசும்போது இடது கன்னத்தை உள்பக்கமாக இழுத்துக்கொண்டார். "நம்ம உழைப்பு, நம்ம பாகு. எங்கேர்ந்தோ வந்த ஒருத்தி, நம்ம பிள்ளைக்கே நம்ம மிட்டாய் விஷம்னு சொல்லித் தர்றா. நம்ம வாயில என்ன குறை கண்டா இவ?"

"அதானே!" என்றது கூட்டம்.

"நமக்கு என்ன பல்லு வலிக்குதா?"

"வலிக்கலை!"

"நல்லாச் சொன்னீங்க மேஸ்திரி" என்று காகிதக்காரி எழுந்தாள். "என் பிள்ளையைக் கூப்பிட்டு வச்சு என்னென்னவோ சொல்லிக் குடுத்திருக்கா இவ. எப்ப, எங்க வச்சுன்னே எனக்குத் தெரியலை. வசியக்காரி!"

அவள் எழுந்தாள். "நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?"

"உட்காரும்மா" என்றார் மருந்துக்கடைக்காரர், சுவரைப் பார்த்துக்கொண்டே. "இங்க குடியிருப்புக்காரங்கதான் பேசலாம்."

அந்தக் குடியிருப்பில் கை தூக்கி ஓட்டுப் போடும் வழக்கம் கிடையாது. முன்னொரு காலத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் சோம்பல் முறித்ததையும் கணக்கில் சேர்த்துவிட்டார்களாம். அதிலிருந்து, வீட்டுக்கு ஒருவராக எழுந்து நின்று, வாய் நிறைய 'ஆமா' சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் செல்லாது. கடைசி வீடு வரைக்கும் 'ஆமா' வந்தால்தான் முடிவு. "எங்க தெருவுல எல்லாம் ஒரே குரல்" என்று அதில் அவர்களுக்கு ஏகப்பட்ட பெருமை.

"பல் டாக்டர் இந்தத் தெருவைக் காலி பண்ணிட்டுப் போகணும். சம்மதமா? முதல் வீடு!"

முதல் வீட்டுக்காரர் எழுந்து, வாயைத் திறந்து, "ஆமா!" என்றார்.

விளக்கு நேராக வாய்க்குள் விழுந்தது. கீழ்வரிசை, வலது பக்கம், இரண்டாவது கடைவாய்ப்பல். அவள் அடைத்தது. விளிம்பு கச்சிதமாக இருந்தது.

"ஆமா!" வாட்சுமேன். பிடுங்கிய இடம் ஆறியிருந்தது, ஈறு நல்ல நிறம்.

"ஆமா!" மேஸ்திரியின் மச்சினன். இன்னும் ஒரு பல்லில் வேலை பாக்கி.

"ஆமா!" என்றாள் காகிதக்காரி, எல்லோரையும்விட அழகாக. அந்த வெள்ளைப் பல் அவள் 'ஆமா'வுக்கு ஒரு களையையே கொடுத்தது. முன்பெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசுவாள். இன்று கையை இடுப்பில் ஊன்றியிருந்தாள்.

வாய் வாயாகத் திறந்துகொண்டே போயிற்று. அவளைத் துரத்துவதற்காகத் திறந்த ஒவ்வொரு வாயிலும் அவள் கைவேலை இருந்தது.  மெதுவாக அவளுக்கு ஒன்று விளங்கியது. இவர்கள் பயப்படவில்லை. விளக்கடியில், அவளுக்கு நேரே, கொஞ்சமும் கூசாமல் வாயைப் பிளக்கிறார்கள் என்றால், அவள் சொல்லமாட்டாள் என்ற நம்பிக்கைதான். ஒருவன் வாய் ரகசியத்தை மருத்துவர் வெளியே விடமாட்டார் என்று இவர்களுக்குத் தெரியும். அவளைத் துரத்துவதற்கும் அவளுடைய நாணயத்தையே நம்பி வந்திருக்கிறார்கள்.

'எல்லாரும் வாயை அப்படியே திறந்து வச்சிருங்க, பக்கத்துல இருக்கிறவர் வாயைப் பாருங்க.' இந்த ஒரு வரி போதும். நாக்கு நுனி வரை வந்தது. அவர்களைப் பார்த்தாள். தனியே வந்து அழுது, கூட்டமாக வந்து கத்தும் இந்த முகங்களுக்காக மீறத் தன் வாக்கு மலிவானதில்லை என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசி வீடு வீட்டுக்காரம்மாவுடையது. மேல்வரிசையே இல்லாத வாயால் "ஆமா" என்றாள். காற்றுதான் அதிகம் வந்தது. ஆனாலும் செல்லும் என்று மேஸ்திரி ஏற்றுக்கொண்டார்.

"ஒரே குரல்! நாளைக்கே காலி பண்ணணும்!" என்றார் அவர்.

கைதட்டல் பாதியில் நின்றது.

அமைதியில் மேஸ்திரியின் நாக்கு தற்காலிக அடைப்பைத் தடவிப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. கன்னத்தில் ஒரு புடைப்பு ஊர்ந்து போயிற்று. மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கேன்னா எப்படிங்க? மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்குல்ல? வர்ற வியாழக்கிழமை கழியட்டுமே."

வியாழக்கிழமை அவருக்கு அவள் நேரம் கொடுத்திருந்தாள்.

"வியாழன் எப்படிப் போதும்?" என்றான் மச்சினன். "சாமானெல்லாம் கட்ட வேணாமா? அடுத்த செவ்வாய் வரைக்கும் குடுங்க." செவ்வாய் அவனுடையது.

"ஏன்டா, உனக்கென்ன அவ மேல திடீர்னு கரிசனம்?" என்றாள் காகிதக்காரி. "போகட்டும்னா போகட்டும். ஆனா..." மகளுக்கு இரண்டு பல் அடைக்க வேண்டியது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "பொம்பளையாச்சே. மழை வேற வர்ற மாதிரி இருக்கு. அடுத்த வாரக் கடைசி."

"மாசம் பாதி வரைக்குமாவது இருக்கட்டும்" என்று வீட்டுக்காரம்மா கையைப் பிசைந்தாள். பல்செட்டு செய்து வருவதற்கு அத்தனை நாளாகும். "நான் வாடகைக்காகச் சொல்லலை. என் மனசு அப்படி."

"மேஸ்திரி, நீங்க என்ன சொல்றீங்க?"

மேஸ்திரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். "எனக்கென்ன? நான் கண்டிப்பான ஆளு. ஆனா வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி யாரையும் வீட்டைவிட்டு அனுப்புறது நம்ம வழக்கம் இல்லை."

"அப்படி ஒரு வழக்கமா? எப்பலேர்ந்து?"

"நான் சொன்னா வழக்கம்தான்!"

சத்தம் வலுத்தது. இதுவரை ஒரே குரலாக இருந்தவர்கள் இப்போது ஆளுக்கொரு கிழமையைப் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்து, 'இவனுக்கு ஏன் இவ்வளவு அக்கறை' என்று கண்ணைச் சுருக்கினார்கள். சர்க்கரை மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த அவளுக்கு, தான் கொடுத்த நேரங்களையே தனக்குத் தானமாகப் போடுவதைக் கேட்க, சிரிப்பு வந்தது. அங்கே வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கடைசியில் மேஸ்திரி மேசையைத் தட்டினார். "போகணும்னு முடிவாச்சு. தேதி அப்புறம் முடிவாகும்."

அவள் எழுந்தாள். இந்தத் தடவை அனுமதி கேட்கவில்லை.

"தேதி எதுவா இருந்தாலும் சரிதான். ஆனா நாளையிலேர்ந்து என் பின்கதவு பூட்டியிருக்கும். முன்கதவு திறந்திருக்கும்."

சொல்லிவிட்டு நடந்தாள். 

"யாருக்குச் சொல்லிட்டுப் போறா?"

"தெரியலையே. பின்பக்கமா யாரு போறா?"

"பால்காரனா இருக்கும்."

"ஆமா, பால்காரன்தான்" என்று எல்லோரும் அவசர அவசரமாக ஒத்துக்கொண்டார்கள்.

மறுநாள் முன்கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். பலகையில் அன்று பாகு இல்லை. எதிர் ஜன்னல்களில் திரைகள் அசைந்தன. காலை போயிற்று. மத்தியானமும் சாய்ந்தது. பிறகு தெரு அதிர மேஸ்திரி வந்தார்.

"ஏய்! எப்பக் காலி பண்ணப் போறே? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டுத்தான் போவேன்!" என்று வாசல்படியில் நின்று முழங்கினார். உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். குரல் அப்படியே குழைந்துபோயிற்று.

"டாக்டரம்மா, அடைப்பு விழுந்துடுச்சு. நேத்துக் கத்துனதுல. உயிர் போகுது."

அவள் நாற்காலியைக் காட்டினாள். வேலை பாதி நடக்கும்போது அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார், எழுந்து உட்கார்ந்தார், ஜன்னல் பக்கம் திரும்பி, "இதெல்லாம் எங்ககிட்ட நடக்காது, ஆமா!" என்று ஒரு கத்துக் கத்திவிட்டு, மறுபடி படுத்து வாயைத் திறந்தார்.

வழி திறந்துவிட்டது. பின்கதவு இல்லையென்றால் என்ன, திட்டிக்கொண்டே போனால் முன்கதவும் கௌரவம்தான். சாயங்காலத்துக்குள் அவள் வாசலில் திட்ட வந்தவர்களின் வரிசை நின்றது. பாதிப்பேர் கன்னத்தில் கைக்குட்டை. எதிர் வீட்டுத் தாத்தா நெகிழ்ந்துபோய், "நம்ம ஜனங்க ஒத்துமையைப் பாரு! விடாம போய்க் கேக்குறாங்க!" என்றார். காகிதக்காரி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாயில் வைத்துப் பேசக்கூடாத வார்த்தையெல்லாம் பேசிக்கொண்டே படியேறினாள். உள்ளே வந்து, "கொஞ்சம் அதிகமாப் போயிட்டேனா டாக்டரம்மா?" என்று கேட்டாள். "பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல்லயே நிக்கிறா, அதான். மனசுல வச்சுக்காதீங்க. பாப்பா, வாயைத் திற."

குழந்தை அம்மாவையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தது. வாயைத் திறக்கவில்லை. அது ஒன்றுதான் அன்று அந்த அறையில் அவளுக்குப் புரிகிற மாதிரி நடந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை மேஸ்திரிக்குக் கடைசி வேலை. நரம்புக்குழாயை அடைத்து, மேலே நிரந்தரமாக மூட வேண்டும். மருந்து காயும் இடைவெளியில், நாற்காலியில் சாய்ந்தபடியே, அவர் பெருந்தன்மையோடு பேசினார்.

"தேதியைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க டாக்டரம்மா. நான் தலைவரா இருக்கிற வரைக்கும் அது முடிவாகாது. அப்பப்ப கூட்டம் போடுவோம், அப்பப்ப திட்டுவோம், பலகையில கொஞ்சம் பாகு பூசுவோம். பூசாட்டி ஜனங்க சந்தேகப்படும். நீங்க பாட்டுக்கு இருங்க, நாங்க பாட்டுக்குத் திட்டுறோம். என்ன சொல்றீங்க?"

அவள் கேட்டதெல்லாம் இதுதான். நாற்காலி போட ஓர் அறை. அது இப்போது கிடைத்துவிட்டது, விலையும் தெரிந்துவிட்டது. காலமெல்லாம் எறும்பு மொய்த்த பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து, தன்னைத் திட்டிக்கொண்டு வருகிறவர்களின் வாயைக் கழுவிவிட வேண்டும். அக்கா வீட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். அவர் திட்டினால் முகத்துக்கு நேராகத் திட்டுவார், திட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு குழைய மாட்டார். அந்த மனிதரைப் பற்றி நல்லதாக ஒன்றை நினைக்க வைத்ததுதான் இந்தத் தெரு அவளுக்குச் செய்த ஒரே உபகாரம்.

"வாயை நல்லாத் திறங்க" என்றாள். மூடினாள், தேய்த்துச் சமப்படுத்தினாள், கடிக்கச் சொல்லிப் பார்த்தாள். "முடிஞ்சது. இனிமே இதுல வேலை இல்லை."

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"வர்றியா? வா வா" என்றாள் அக்கா. "உங்க அத்தான் ஆரம்பிச்சிடுவாரே, பரவாயில்லையா?"

"ஆரம்பிக்கட்டும். இப்ப பதில் சொல்ல எனக்கும் தெரியும்."

புதிதாக யாருக்கும் அவள் பல்லைத் திறக்கவில்லை. திறந்ததை எல்லாம் மூடினாள். காகிதக்காரியின் மகள் மட்டும், அம்மாவை வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டு, சமர்த்தாகப் பல் அடைத்துக்கொண்டது. வீட்டுக்காரம்மாவின் பல்செட்டு வந்தது. அதைப் பொருத்தி, உறுத்துகிற இடத்தைத் தேய்த்துக் கொடுத்த மறுநாள் காலையில், வண்டிக்காரரும் கூட ஒருவரும் வந்து நாற்காலியின் திருகாணிகளைக் கழற்றினார்கள்.

வீட்டுக்காரம்மா புதுப்பல் தெரிய ஓடிவந்தாள்.

"எங்கம்மா போறே? கூட்டத்துல இன்னும் தேதி சொல்லலையே!"

"நான் சொல்லிட்டேம்மா. இன்னிக்கு."

"நீயா எப்படிச் சொல்லுவே?" புதுப்பல் படபடவென்று அடித்தது. "எங்களை ஒரு வார்த்தை கேக்க வேணாமா? நாளைக்கு இந்தப் பல்லு கழண்டுக்கிட்டா நான் எங்க போவேன்?"

அந்தத் தெருவில் தன் பல்லுக்குக் குறை வரும் என்று ஒருவர் நடுவாசலில் நின்று உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? நாற்காலியை வண்டியில் ஏற்றுவதற்குள் தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். யார் முகத்திலும் சந்தோஷம் இல்லை, எல்லோர் முகத்திலும் கோபம். துரத்தியவர்களைக் கேட்காமல் போகிறாளே என்ற கோபம். "என்ன திமிரு பாத்தியா!" என்றாள் காகிதக்காரி. "நாம போகச் சொன்னா, இவ பாட்டுக்குப் போறா!" மருந்துக்கடைக்காரர், "இது கூட்டத்துக்கே அவமரியாதை" என்றார். மேஸ்திரி ஆலையை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். சங்கு ஊதியது. எல்லோரும் அவர் பின்னால் ஓடினார்கள். காலியான தெருவில் வண்டி மெதுவாக நகர்ந்தது.

வெளியே போகும் வழி ஆலையின் பக்கச்சுவரை ஒட்டித்தான். கூடத்தின் ஜன்னல்கள் திறந்திருந்தன. மேஸ்திரியின் குரல் கணீரென்று வந்தது. பல் நல்ல பலமாக இருப்பது தெரிந்தது.

"தேதி முடிவாகிற வரைக்கும் அவ இந்தத் தெருவை விட்டுப் போகக்கூடாது! சம்மதமா?"

வீடு வீடாகக் கேட்கக்கூட அவகாசம் இல்லை. எல்லா வாயும் ஒன்றாகத் திறந்தது.

"ஆமா!"

வண்டிக்காரர் வேகத்தைக் குறைத்தார். "என்னம்மா இவ்ளோ சத்தம்? உள்ள என்ன நடக்குது?"

"கூட்டம்ணே."

"எதுக்காம்?"

"தெரியலை. நான் இந்தக் குடியிருப்புக்காரி இல்லை" என்றாள் அவள். "நீங்க போங்க."